படைக்குப் பிள்ளையைக் கொடுத்த பெற்றோர்: ஒரு பழைய வினாவும் அதன் விடைகளும்

பிள்ளை படைக்குப் போவதென்று முடிவான பின்னர்ப் பெற்றோரின் சொல்லுக்கு என்ன ஸ்தானம் எஞ்சுகிறது, அவர்கள் யாரிடத்தில் எதைக் கேட்க உரிமையுடையவர்கள், அவர்களுக்கு யார் எதற்குக் கடன்பட்டவர்கள் என்னும் வினா, அரசும் படையும் தோன்றிய காலந்தொட்டு எழுந்து வருவதாகும். புலவரும் அரசரும் சட்டம் இயற்றியோரும் சமயத் தலைவரும் அதற்கு விடை கூறியிருக்கின்றனர். ஆனால் அவ்விடைகளிற் பெரும்பாலானவை பெற்றோரைப் பற்றிப் பிறர் சொன்னவையேயன்றிப் பெற்றோர் தாமே சொன்னவை அல்ல. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தம், அரச படைகளுக்கும் அரசை எதிர்த்த தமிழ் இயக்கங்களுக்கும் ஊர்காவற் படைக்கும் பிள்ளைகளைக் கொடுத்த, அல்லது பறிகொடுத்த, பல்லாயிரம் குடும்பங்களை உண்டாக்கிய காரணத்தால், அவ்விடைகளை வரிசைப்படுத்தி அவற்றின் தோற்றத்தையும் பலவீனத்தையும் நோக்குவது பயனற்ற முயற்சியாகாது. இராணுவ வீரரின் பெற்றோரையும் இயக்கப் போராளியின் பெற்றோரையும் ஒருங்கே வைத்து நோக்குவதனால் அவ்விரு படைகளும் ஒன்றென்று கொள்ளப்படவில்லை. பெற்றோரின் நிலை மாத்திரமே இங்கு ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

புல்மோட்டை என்னும் களம்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவில், கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே, இல்மனைற்று முதலிய கனியங்கள் செறிந்த கரிய மணலால் பெயர் பெற்ற புல்மோட்டை, இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். ஊர் பெரும்பான்மையும் முஸ்லிம்களுடையது. வடக்கே தென்னமரவடி முதலிய தமிழ்க் கிராமங்கள். உள்நாட்டுப் புறத்தே, தமிழர் மணலாறு என்றும் சிங்களவர் வெலி ஓயா என்றும் வழங்கும் குடியேற்றப் பிரதேசம். 1984ஆம் ஆண்டின் இறுதியில் இப்பகுதியில் அடுத்தடுத்து நிகழ்ந்த கொலைகளின் விளைவாகத் தென்னமரவடி மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். குடியேற்றங்களில் ஊர்காவற் படை ஆயுதந் தரித்தது. 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின்னர்க் கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலும் அப்படையில் இளைஞர் பலர் சேர்ந்தனர். 1997 செப்டெம்பரில், இல்மனைற்று ஏற்றிக்கொண்டிருந்த கப்பலொன்று புல்மோட்டைக் கரையிலேயே கடற்புலிகளால் தாக்கப்பட்டது. 2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டிற் கப்பலில் வந்திறங்கிய காயப்பட்டோருக்கு, இந்திய அரசு அனுப்பிய வைத்தியர் குழு இவ்வூரிலே கள வைத்தியசாலை நடத்திற்று.

ஆகவே சில மைல் சுற்றளவுக்குள் இராணுவத்திற் சேர்ந்த மகனின் தாயும், கடற்படை வீரனின் தந்தையும், ஊர்காவற் படையில் இரவுக் காவல் நின்றவனின் தகப்பனும், இயக்கத்துக்குப் போன மகளின் தாயும் வாழ நேர்ந்த பிரதேசம் இது. அவர்களுடைய அன்றாடக் கவலைகளை அடுக்கிப் பார்த்தால் அவை பெரும்பாலும் தத்துவார்த்தமானவை அல்ல என்பது புலப்படும். பிள்ளை எந்த முகாமில் நிற்கிறான், லீவு எப்போது கிடைக்கும், பெருநாளுக்கோ வருஷப் பிறப்புக்கோ வீட்டுக்கு வருவானா, நோன்பு காலத்தில் அவனுக்கு ஸஹர் உணவு கிடைக்கிறதா, சம்பளத்தில் கடனுக்கு எவ்வளவு வெட்டுகிறார்கள், அக்காளின் கலியாணத்துக்குப் பணம் சேருமா, இவனுக்குப் பெண் கொடுக்க யார் முன்வருவார், வானொலியில் பெயரின்றி எண்ணிக்கை மாத்திரம் சொல்லப்பட்ட இறந்தோரில் இவனும் ஒருவனா, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல யார் இருக்கிறார் என்பனவே அக்கவலைகள். இயக்கத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தோருக்கு இவற்றிற் பாதி கூடக் கேட்க வழியில்லை; பிள்ளையின் வீட்டுப் பெயர் மறைந்து இயக்கப் பெயரே வழங்கிய நிலையில், இருக்கிறானா இல்லையா என்பதைப் பிறர் வாயாற் கேட்டறிய வேண்டியிருந்தது. பின்வரும் விடைகள் ஒவ்வொன்றும் இக்கவலைகளில் எதற்குச் செவிசாய்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே அவற்றை மதிப்பிடுவதற்குரிய உரைகல்.

முதலாம் விடை: மறக்குடியின் கடமை

தமிழ் மரபில் மிகப் பழைய விடை, மறக்குடித் தாயைப் பாடும் புறநானூற்றின் மூதின்முல்லை முதலிய துறைப் பாடல்களிற் காணப்படுவது. ஒக்கூர் மாசாத்தியாரும் பொன்முடியாரும் காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் காட்டும் தாய், பிள்ளையைப் பெறுவதைத் தன் கடனாகவும், அவன் களத்தில் நிற்பதை அவன் கடனாகவும் கொண்டு, இரண்டுக்கும் இடையில் எந்தக் கேள்விக்கும் இடம் வையாதவள். கிரேக்கரின் ஸ்பார்ட்டாவிலும் இத்தகைய தாய்மாரைப் பற்றிய கதைகள் வழங்கின. தாயின் துக்கத்துக்கு முன்னதாகவே அவள் பெருமையை வைத்துவிடும் இவ்விடை, போர் செய்யும் எந்த அரசுக்கும் அநுகூலமானது என்பதில் ஐயமில்லை.

நவீன காலத்தில் இது புத்துயிர் பெற்றது. 1943இல் சுபாஸ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தபோது, மகளைப் போருக்கு அனுப்புவது பெற்றோரின் தேசபக்திக்கு அளவுகோலாக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் 1989 முதல் நவம்பர் 27இல் அனுட்டித்த மாவீரர் நாளில், இறந்தவரின் பெற்றோரே முன்னின்று சுடரேற்றினர். அரசோ தன் பங்குக்கு ‘ரணவிரு’ (போர்வீரர்) என்னும் பட்டத்தை வீரருக்கும், அவரைப் பெற்றவர் என்னும் கௌரவத்தைத் தாய் தந்தையருக்கும் வழங்கிற்று. ஒன்றையொன்று அழிக்க முயன்ற இரு தரப்பும் பெற்றோரைக் கௌரவிக்கும் முறையில் மாத்திரம் ஒத்திருந்தன.

இவ்விடையை முற்றாக ஒதுக்குவது நியாயமாகாது. இழப்புக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்னும் தாகம் பெற்றோரிடத்தே உண்மையானது. மகன் வீணாக இறந்தான் என்று கேட்பதிலும் ஏதோ ஒன்றுக்காக இறந்தான் என்று நம்புவது பல பெற்றோருக்கு உயிர் தரித்திருக்கும் வழியாயிற்று. ஆனால் இதன் பலவீனங்கள் இரண்டு. கௌரவத்தை ஏற்றுக்கொண்ட பெற்றோர் கேள்வி கேட்கும்போது நன்றி கெட்டவராகவோ துரோகியாகவோ கருதப்படுகின்றனர் என்பது ஒன்று. அந்தக் கௌரவம் வென்ற தரப்பின் பெற்றோருக்கே நிலைக்கிறது என்பது மற்றொன்று: யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு கிழக்கிலிருந்த புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டபோது, சுடரேற்றிய பெற்றோருக்குப் பிள்ளையின் கல்லறையுங்கூட இல்லாமற் போயிற்று.

இரண்டாம் விடை: குடும்பத்தின் சீவனோபாயம்

கடமை பற்றிய உயர்ந்த வார்த்தைகளைப் புறத்தே வைத்துவிட்டு, படை என்பது ஓர் உத்தியோகம், பெற்றோர் பிள்ளையை அனுப்புவது வயிற்றுப்பாட்டுக்கே என்று கூறுவோரும் உளர். இலங்கையில் இவ்விடைக்கு ஆதாரம் பலமானது. 1949 அக்டோபர் 10இல் நிறுவப்பட்ட இலங்கை இராணுவத்துக்கு ஒருபோதும் கட்டாயச் சேவை மூலம் ஆள் திரட்டப்பட்டதில்லை. மழையை நம்பிய வேளாண்மையும் வேலையின்மையும் நிலவிய கிராமங்களே அதன் சாதாரணச் சிப்பாய்களைப் பெருமளவில் அளித்தன. மாதச் சம்பளம், 22 ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வூதியம், வீடு கட்டக் கடன், தங்கையின் சீதனம் என்ற கணக்கே பல வீடுகளில் முடிவைத் தீர்மானித்தது. ஊர்காவற் படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக்கப்பட்டபோது அதிலிருந்தோர் நிலையான சம்பளத்தை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்தனர். யுத்தத்தின் பின்னர் அதே திணைக்களம் வன்னியில் முன்னாட் போராளிகளைப் பண்ணை வேலைக்கும், பெண்களை முன்பள்ளி ஆசிரியர்களாகவும் சேர்த்துக்கொண்டது. 2012இல் கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டபோது எழுந்த விவாதமும், வேலை என்று நம்பி அனுப்பினோமா, படைக்கென்று அறிந்து அனுப்பினோமா என்னும் பெற்றோரின் சந்தேகத்தைச் சுற்றியே நடந்தது.

இவ்விடையின் பலம் அது பெற்றோரை ஏமாறிகளாகவோ வீரத்தாயராகவோ சித்திரியாமல், கணக்குப் போடத் தெரிந்த மனிதராகக் காண்பது. பலவீனமோ, கணக்கு முடியும் இடத்தில் அது மௌனமாகிவிடுவது. காலிழந்து வீட்டுக்கு வந்த மகனைப் பராமரிப்பது எந்தச் சம்பளப் பட்டியலிலும் அடங்காத வேலை. அதனைச் செய்பவர் வயதான தாயே. 12 ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் ஊனமுற்று விலகிய வீரர் ஓய்வூதியங் கேட்டு யுத்தம் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் கொழும்பில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. இறந்தவன் விவாகமானவனாயின் உதவிப் பணம் மனைவிக்கா பெற்றோருக்கா என்னும் பிணக்குப் பல வீடுகளைப் பிளந்தது. 2024இல் இந்தியாவிலும் இதே பிணக்கு, அடுத்த உறவினர் யார் என்னும் விதியையே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையாக எழுந்தது.

மேலும் இவ்வுத்தியோகம் சுருங்கி வருகிறது. இராணுவத்தின் ஆட்தொகையை 2030அளவில் ஓர் இலட்சமாகக் குறைப்பதென்று அரசு 2023இல் அறிவித்தது. அடுத்த ஆண்டிலேயே, கூலி அதிகம் என்ற ஆசை வார்த்தையில் ரஷ்ய உக்ரைன் யுத்தத்துக்குப் போய்ச் சிக்கிய முன்னாள் இராணுவத்தினரின் குடும்பங்கள் கொழும்பில் முறையிட்டன. ஐரோப்பாவுக்குப் போகப் புறப்பட்டு ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட யாழ்ப்பாண இளைஞரின் பெற்றோரும் முறையிட்டனர். சம்பளமே நியாயம் என்று கொண்டால், அச்சம்பளத்தை எந்த நாட்டு யுத்தத்தில் ஈட்டினால் என்ன என்னும் கேள்விக்கு இவ்விடையிடம் மறுமொழி இல்லை.

மூன்றாம் விடை: தடுக்கும் உரிமை

பிள்ளையைத் தர மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பது மூன்றாவது நிலைப்பாடு. 1942இல் அமெரிக்கக் கடற்படையின் ஒரே கப்பலில் சலிவன் சகோதரர் ஐவரும் இறந்த பின்னர், எஞ்சிய ஒற்றைப் பிள்ளையைப் போரிலிருந்து விலக்கும் விதி அந்நாட்டில் உருப்பெற்றது. இஸ்ரேலில் ஒற்றைப் பிள்ளையோ, படையில் உடன்பிறந்தாரை இழந்த பிள்ளையோ நேரடிப் போர்ப் பிரிவிற் சேரப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரைத் தாமாக முன்வந்தாற் சேர்க்கும் நாடுகளில் பெற்றோரின் அறிந்த சம்மதம் இன்றியமையாதது என்று, குழந்தைகள் உரிமைச் சமவாயத்தின் 2000ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறை விதிக்கிறது. மாறாக, 1967 முதல் தேசிய சேவை கட்டாயமான சிங்கப்பூரில், அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் உட்பட எவரும் வயது வந்த மகனைத் தடுக்க இயலாது. எனினும் சேரும் நாளில் பெற்றோரைப் பூலாவ் தெக்கோங் தீவுக்கு அழைத்துச்சென்று பயிற்சி முகாமைக் காட்டி உணவளிக்கும் வழக்கம், சட்டம் மறுத்த இடத்தை மரியாதை ஓரளவு ஈடுசெய்ய முயல்வதைக் காட்டுகிறது.

இலங்கையின் வடக்கு கிழக்கில் இவ்வுரிமை சட்டப் புத்தகத்தில் அன்றி, வீட்டு வாசலிலேயே சோதிக்கப்பட்டது. புலிகள் சிறுவரைச் சேர்த்த காலங்களிலும், 2006க்குப் பின் வன்னியில் வீட்டுக்கொருவர் என்னும் நியதி கடுமையாக்கப்பட்டபோதும், பெற்றோர் பிள்ளைகளை உறவினர் வீட்டில் ஒளித்தனர். பதுங்கு குழிகளில் மறைத்தனர். விவாகமானவரை விட்டுவிடுவர் என்ற நம்பிக்கையில் வயது வராதவருக்கு அவசர அவசரமாகக் கலியாணஞ் செய்து வைத்தனர். 2004 ஏப்ரலில் திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையான வெருகலில் நடந்த மோதலின் பின்னர்க் கிழக்கில் புலிகளிலிருந்து பிரிந்து நின்ற கருணா அணி கலைக்கப்பட்டு, பல நூறு சிறுவர் வீடு திரும்பியபோது, அவர்களை மீண்டும் அழைத்துச்செல்ல வந்தோரைத் தாய்மார் பல இடங்களில் நேர்நின்று எதிர்த்தனர். கருணா அணியினர் பின்னர்த் தாமும் சிறுவரைச் சேர்த்தபோது அதே தாய்மார் அதே போராட்டத்தை மறுபடியும் தொடங்க வேண்டியவராயினர்.

சிறுவர் விஷயத்தில் இவ்விடை மறுக்க முடியாதது. ஆனால் வயது வந்தோர் விஷயத்தில் இது இடறுகிறது. தன் சித்தத்தால் படைக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணைத் தடுக்கத் தந்தைக்கு உரிமை உண்டென்றால், அதே நியாயம் அவள் கல்வியையும் விவாகத்தையும் தொழிலையும் தடுக்கவும் பயன்படும். இயக்கத்துக்குப் போன பெண்களிற் சிலர் வீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பவே போயினர் என்பதும் பலரால் எடுத்துக்காட்டப்பட்டதே. இன்னொரு குறையும் உண்டு: வசதியுள்ளோர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பித் தடுத்தனர்; வசதியற்றோர் தடுக்க முயன்று தோற்றனர். பணத்தால் மாத்திரம் செல்லுபடியாகும் உரிமையை உரிமையென்று சொல்வது கடினம்.

நான்காம் விடை: அறியும் உரிமை

கொடுத்தோமா, பறிகொடுத்தோமா என்ற வாதத்தை ஒதுக்கிவைத்து, பிள்ளைக்கு நேர்ந்தது என்ன என்று அறியும் உரிமையை மாத்திரம் வற்புறுத்தும் நிலைப்பாடு காலத்தாற் பிந்தியது. 1977இல் ஆர்ஜென்டீனாவின் மாயோ சதுக்கத்திற் கூடிய தாய்மாரும், சோவியத்து ஆட்சியின் இறுதியில் அமைப்பாகத் திரண்ட இராணுவ வீரரின் தாய்மாரும் இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணங்கள். இலங்கையில் 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர் பெருந்தொகையாகக் கைதானபோது அன்னையர் முன்னணி கச்சேரிக்கு ஊர்வலம் போயிற்று. 1990இல் தெற்கில், ஜே.வி.பி.யின் கிளர்ச்சியை அரசு அடக்கியபோது மறைந்துபோன இளைஞரின் தாய்மார் மாத்தறையில் தம் முன்னணியைத் தொடங்கினர். அவ்விரு முன்னணிகளும் கைதானோர்க்காகவும் மறைந்தோர்க்காகவும் எழுந்தவையேயன்றிப் படைவீரர்க்காக அல்ல. ஆயினும் அரசைப் பார்த்துத் தாய் கேட்கும் கேள்வியின் வடிவத்தை அவையே வகுத்தன.

அவ்வடிவத்தைப் படைவீரரின் பெற்றோர் பின்னர் ஏற்றுக்கொண்டனர். 1996 ஜூலை 18இல் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் மாண்டனர். 1998 செப்டெம்பரில் கிளிநொச்சியிலும் பேரிழப்பு நேர்ந்தது. உடல் கிடையாத பிள்ளைகளின் பெற்றோர், மகனையே கிளிநொச்சியில் இழந்த விசாகா தர்மதாச முதலியோரின் முயற்சியால் ஒன்றுகூடினர். படையினர் ஒவ்வொருவரும் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று அவர்கள் கேட்டது சிறு விஷயம்போலத் தோன்றினும், அரசு தன் வீரனை எண்ணிக்கையாக அன்றிப் பெயராக வைத்திருக்கக் கடமைப்பட்டது என்னும் தத்துவம் அதிற் பொதிந்திருந்தது. அவர்கள் புலிகளையும் நேரிற் சந்தித்துப் பேசினர். மறுதரப்பில் பிள்ளையை இழந்த தாய்மாருடனும் உறவு கொண்டனர். மறக்குடிக் கடமையும் சீவனோபாயமும் ஒருபோதும் சாதியாத ஒன்றை இவ்விடை சாதித்தது: எதிர்த் தரப்பின் தாயும் இதே கேள்வியைத்தான் கேட்கிறாள் என்பதை ஒப்புக்கொள்ள இடமளித்தது.

காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் ஏறக்குறைய 5,000 படையினரின் உறவினருடையவை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் மறைந்த படையினரையும் ஏனையோரையும் தன் எல்லைக்குள் வைத்தது. இறந்தார் என்று சொல்லாமற் காணப்படவில்லை என்று மாத்திரம் உறுதிசெய்யும் சான்றிதழுக்கும் 2016இலேயே சட்டம் இடமளித்தது. ஆயினும் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம், அலுவலகம் வந்த பின்னரும் ஓயவில்லை.

இவ்விடையின் பலவீனம் அதன் உள்ளே இருப்பதினும் அதனைச் சூழ்ந்தோரிடமே மிகுதி. தாயின் கண்ணீர் எந்தக் கட்சிக்கும் பயன்படும். தெற்கின் அன்னையர் முன்னணி அன்றைய எதிர்க்கட்சியின் நிழலில் வளர்ந்து, 1994இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்த பின்னர் மங்கிப்போயிற்று. 1988இல் மட்டக்களப்பில் அன்னையர் முன்னணியின் சார்பில் உண்ணாவிரதமிருந்து இறந்த அன்னை பூபதியின் நினைவு, போராட்டத்தின் பொதுச் சொத்தாகாமல் இயக்கத்தின் சொத்தாயிற்று. தாய் என்னும் வடிவத்திலேயே கேள்வி எழுப்பப்படுவதால் தந்தையின் துக்கமும், விவாகமாகாத சகோதரியின் சுமையும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன என்ற ஆட்சேபமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

தீராது நிற்பவை

நான்கு விடைகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, ஒவ்வொன்றும் பெற்றோரின் வாழ்வில் வெவ்வேறு வேளைக்குரியதாகத் தோன்றுகிறது. பிள்ளை புறப்படுமுன் தடுக்கும் உரிமையும், அவன் சேவையில் இருக்கும்போது சம்பளக் கணக்கும், அவன் இறந்ததாக உறுதியான பின்னர்க் கௌரவமும், உறுதியாகாத வரையில் அறியும் உரிமையும் பேசப்படுகின்றன. ஆதலால் அவற்றுள் ஒன்றை மற்றவற்றின் இடத்தில் வைப்பதே பெரும்பாலான அநியாயங்களுக்குக் காரணமாயிற்று எனலாம்: உண்மை கேட்ட பெற்றோருக்குப் பட்டம் கொடுக்கப்பட்டது; சம்மதம் கேட்கப்பட வேண்டிய பெற்றோருக்குச் சம்பளம் காட்டப்பட்டது.

சில வினாக்கள் எளிதில் தீரக்கூடியன அல்ல. வயது வந்த பிள்ளையின் முடிவில் பெற்றோருக்குச் சட்டத்தில் ஏதேனும் இடம் உண்டா என்பதில் நாடுகள் இன்னும் மாறுபட்டே நிற்கின்றன. அரசை எதிர்த்துப் போரிட்டவரின் பெற்றோருக்கு அதே அரசு உதவிப் பணம் அளிக்குமா, இறந்த நாளில் விளக்கேற்ற விடுமா என்பது அரசியல் வினாவாகவே நீடிக்கிறது. ஊர்காவற் படையில் இருந்தவனின் தகப்பன், முழு இராணுவ வீரனின் பெற்றோருக்குரிய ஸ்தானத்தையும் பெறாமல், போராளியின் பெற்றோருக்குரிய பரிதாபத்தையும் பெறாமல் நடுவே நிற்பது பற்றிப் போதிய ஆராய்ச்சி எழவில்லை.

எனினும் அறியும் உரிமை மற்றை மூன்றிலும் உறுதியான அடித்தளமுடையது என்பதே நியாயமான முடிவாகத் தோன்றுகிறது. ஏனெனில் அதனை ஒப்புக்கொள்வதற்குப் பிள்ளை எந்தத் தரப்பில் நின்றான், தன் இஷ்டப்படி போனானா, கூலிக்குப் போனானா என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. புல்மோட்டையின் முஸ்லிம் தகப்பனுக்கும் தென்னமரவடித் தமிழ்த் தாய்க்கும் வெலி ஓயாச் சிங்களப் பெற்றோருக்கும் அது ஒரே அளவில் உரியது. பெயர்ப் பட்டியல்களை வெளியிடுவதும், புதைகுழிகளை முறைப்படி அகழ்ந்து அடையாளங் காண்பதும், பெற்றோரின் மொழியில் அவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் இதற்குப் போதுமானவை. புதிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. அவகாசம் மாத்திரம் குறைவு: முல்லைத்தீவு முகாம் வீழ்ந்த ஆண்டில் ஐம்பது வயதாயிருந்த தாய் இன்று எண்பதை எட்டிவிட்டார். பதில் சொல்ல வேண்டியோர் அவர் உயிரோடிருக்கும்போதே சொல்லவேண்டும்.